பயணப் பொம்மையோடு தஞ்சாவூர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையடக்கமான ஒரு பொம்மைக்குப் பெயர் வைத்து, ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய், பார்க்கிற இடத்திலெல்லாம் அதை முன்னால் நிறுத்திப் படம் எடுக்கும் பழக்கம் பல வீடுகளில் வந்துவிட்டது. குழந்தைகள் உள்ள வீடு என்றில்லை, தனியாகப் பயணம் போகிறவர்களும் செய்கிறார்கள். பழைய தலைநகரான தஞ்சாவூரை அப்படிச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் அவற்றைச் சேர்க்கவில்லை.

பொம்மையோடு சுற்றத் தஞ்சாவூர் ஏற்ற ஊரா?

மிகவும் ஏற்ற ஊர். முதல் காரணம் அளவு. பெரிய கோயிலின் விமானம் சுமார் 60 மீட்டர் உயரம், அதாவது 200 அடி. 216 அடி என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் வெட்டவெளி முற்றத்தில் தனியாக நிற்பதால் படத்தில் அந்த உயரம் தெரிவதே இல்லை. பக்கத்தில் நமக்கு அளவு தெரிந்த பொருள் ஒன்று இருந்தால்தான் கண் கணக்குப் போடும். பொம்மை அந்த வேலையைச் செய்கிறது. வெறும் அழகுக்காக அதை முன்னால் வைப்பதைவிட, அளவுகோலாக வைத்துப் பழகினால் படங்கள் வேறு தரத்துக்குப் போய்விடும்.

இரண்டாவது காரணம், சோழர், நாயக்கர், மராத்தியர் என மூன்று அரசுகள் தலைநகராகக் கொண்ட ஊர் இது. அவர்கள் விட்டுப்போனவற்றில் முக்கியமானவை எல்லாம் நடக்கிற தூரத்திலேயே இருக்கின்றன. மூன்றாவது, இந்த ஊருக்கென்றே ஒரு பொம்மை இருக்கிறது, தலையாட்டி பொம்மை. உங்கள் பொம்மை இங்கே போய்ப் பார்க்க ஓர் உறவினர் இருக்கிறார் என்று குழந்தையிடம் சொல்லலாம்.

எவ்வளவு பெரிய பொம்மை வசதி?

உட்கார்ந்த நிலையில் 12 முதல் 18 சென்டிமீட்டர், எடை 150 கிராமுக்குள். ஒரு சாணுக்குக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடச் சிறியதை எடுத்தால் குழந்தையின் கையிலிருந்து நழுவியதும் கண்ணில் படாது. பெரியதாக இருந்தால் பைக்குள் போகாது, கடைசியில் அப்பா கக்கத்தில் இடுக்கிக்கொண்டே ஊர் சுற்ற வேண்டியிருக்கும்.

நிறமும் கவனிக்க வேண்டியது. பெரிய கோயிலின் கல் காலையில் மங்கிய பழுப்பாகவும் சாயங்காலம் தேன் நிறத்திலும் இருக்கும். பழுப்புக் கரடி அதற்கு முன்னால் கரைந்துபோகும். பச்சை, நீலம், வெள்ளை நிறப் பொம்மைகள் பளிச்சென்று தெரியும். வெள்ளை சீக்கிரம் அழுக்காகும், அதைப் பிறகு பார்ப்போம்.

துணிப் பொம்மை நிற்காமல் சாய்கிறது. என்ன செய்வது?

பஞ்சு அடைத்த பொம்மைக்கு எடை முழுவதும் தலையில் இருப்பதுபோல ஆகிவிடுகிறது, அதனால்தான் குப்புற விழுகிறது. அடித் தையலை இரண்டு அங்குலம் பிரித்து, கொஞ்சம் பஞ்சை எடுத்துவிட்டு, 40 அல்லது 50 கிராம் கூழாங்கல்லையோ கண்ணாடி மணியையோ சின்னத் துணிப் பையில் கட்டி உள்ளே வையுங்கள். அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் வட்டமாக வெட்டிய அட்டையை வைத்துத் தைத்துவிட்டால் சம தரையில் நன்றாக உட்காரும். அரிசியோ கடுகோ போட வேண்டாம், இரண்டு மாதத்தில் வண்டு வந்துவிடும்.

கையில் மாட்டிக்கொள்ள ஒரு முழக் கயிறு தைத்துவிடுவது நல்லது. முற்றத்தில் திடீரென்று காற்று அடிக்கும்.

தலையாட்டி பொம்மையையே பயணப் பொம்மையாக வைத்துக்கொள்ளலாமா?

முதலில் இரண்டு வகையைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் இரண்டுமே 'தஞ்சாவூர் பொம்மை'தான்.

ஒன்று, அடி உருண்டையாக இருக்கும் ராஜா ராணி. சாய்த்துவிட்டால் ஆடி ஆடித் தானே நிமிரும். அடிப்பாகத்தில் களிமண் கனமாக இருக்கும், மேற்பாகம் மெல்லிய காகிதக் கூழ். எடை முழுவதும் தாழ இருப்பதால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் எடையின் மையம் மேலே ஏறுகிறது, விட்டவுடன் இறங்கிப் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. மற்றொன்று நடனப் பொம்மை. பாவாடை, உடல், தலை என்று தனித்தனித் துண்டுகள் கம்பி முனையில் தொங்கும். மெல்லத் தொட்டால் தலை ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமும் ஆடும்.

பயணத்துக்கு ராஜா ராணியே நல்லது. ஒரே துண்டு, கழன்று விழ எதுவும் இல்லை. ஆனால் கருங்கல் தளத்தில் விழுந்தால் வண்ணம் சில்லாகப் பெயரும், மழையில் நனைந்தால் காகிதம் ஊறும். நடனப் பொம்மை வீட்டில் வைத்து ரசிக்க வேண்டியது. அதைப் பையில் போட்டுக்கொண்டு கோயில் கோயிலாக ஏறி இறங்கினால் மாலைக்குள் கம்பி வளைந்து தலை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். குழந்தை கையில் கொடுத்துத் தூக்கிச் செல்லத் துணிப் பொம்மை, வீடு திரும்பும்போது உடன் வர ராஜா ராணி என்பது எல்லாருக்கும் ஒத்துவரும் ஏற்பாடு.

வாங்கும்போது எப்படிச் சோதிப்பது?

ராஜா ராணியைக் கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்து, பக்கவாட்டில் தரையைத் தொடும்வரை சாய்த்து விடுங்கள். ஆட்டம் படிப்படியாகக் குறைந்து நேராக நிற்க வேண்டும். சாய்ந்த நிலையிலேயே நின்றால் அடி வளைவில் எங்கோ தட்டையாக இருக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் கனம் ஒருபக்கமாக ஒட்டியிருக்கிறது. காதருகில் வைத்துக் குலுக்குங்கள். கடகடவென்று சத்தம் கேட்டால் கனம் விட்டுப்போயிருக்கிறது, வேண்டாம்.

நடனப் பொம்மையில் தலையை நுனிவிரலால் தொட்டுவிட்டு எண்ணுங்கள். தடங்கலில்லாமல் பத்துப் பதினைந்து முறையாவது ஆட வேண்டும். கரகரவென்று உரசினால் கம்பி வளைந்திருக்கிறது. கடைக்காரரிடம் சொன்னால் அங்கேயே நிமிர்த்திக் கொடுப்பார். அடியில் விரலால் தட்டிப் பாருங்கள்: மண்ணுக்கு மொத்தென்ற சத்தம், பிளாஸ்டிக்குக்கு டொக்கென்ற சத்தம். பிளாஸ்டிக்கில் தவறு இல்லை, நீடித்தும் உழைக்கும். ஆனால் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில், மண்ணிலும் காகிதத்திலும் கையால் செய்து கையால் வண்ணம் தீட்டும் தொழில். அதைச் செய்கிற குடும்பங்களிடம் வாங்கினால் அந்தத் தொழில் இருக்கும்.

பெரிய கோயிலுக்குள் பொம்மையைக் கொண்டு போகலாமா?

போகலாம். பைக்குள்ளோ கையிலோ ஒரு சின்னப் பொம்மை இருப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. படம் எடுப்பதில்தான் வரையறை. முற்றத்தில் கைபேசியால் எடுக்கலாம். சன்னதிக்குள் எடுக்கக் கூடாது. முக்காலி வைப்பதற்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், வாசலில் கேட்டால் கிடைக்கக்கூடியது அல்ல. ஆகவே முக்காலியை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சன்னதிக்குள் நுழையும் முன் பொம்மையைப் பைக்குள் வைத்துவிடுங்கள். இது ஆயிரம் ஆண்டுகளாக வழிபாடு நடக்கிற இடம். தீபாராதனை நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் கைகூப்பி நிற்கும்போது முகத்துக்கு முன்னால் ஒரு பொம்மை ஆடக் கூடாது. அர்ச்சகரிடம் பொம்மைக்கும் விபூதி கேட்கச் சொல்லிக் குழந்தையைத் தூண்டிவிடவும் வேண்டாம்.

பொம்மையை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது?

புல்தரை, உங்கள் கை, உங்கள் மடி, உங்கள் பையின் மேல்: இவை போதும். நடைபாதையின் கல்தளத்திலும் யார் வழியையும் மறிக்காமல் ஒரு நிமிடம் வைக்கலாம்.

வைக்கக் கூடாதவை: சிற்பத்தின் கை, மடி, தோள். கல்வெட்டு வரிகளுக்குக் கீழே உள்ள விளிம்பு. நந்தி மண்டபத்தின் மேடை. முற்றத்தைச் சுற்றி ஓடும் திருச்சுற்று மாளிகையில் வரிசையாக இருக்கும் லிங்கங்களின் பக்கம். அந்த மாளிகைச் சுவர்களில் உள்ள ஓவியங்கள்மேல் பொம்மையைச் சாய்ப்பது எல்லாவற்றையும்விட மோசம், உரசினாலே வண்ணம் உதிரும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்துக்குச் சேதம் செய்தால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

சிற்பத்தோடு பொம்மை வேண்டுமென்றால் கையை நீட்டிப் பொம்மையைப் பிடியுங்கள், சிற்பம் பின்னால் இருக்கட்டும். படத்தில் இரண்டும் பக்கத்தில் இருப்பதுபோலவே வரும்.

எந்த நேரத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும்?

கோயில் கிழக்கு நோக்கியது. ஆகவே காலை 6 மணிக்கு நடை திறந்ததிலிருந்து 9 மணி வரை விமானத்தின் முன்முகம் வெளிச்சத்தில் இருக்கும். கிழக்கு வாசல் வழியாக நுழையும்போது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். மாலையில் அதே இடத்தில் நின்றால் விமானம் கறுப்பு நிழலாகத்தான் வரும். 4 மணிக்குப் பிறகு தென்மேற்கு மூலைக்குப் போய்விடுங்கள், மேற்கு முகம் பொன்னாக மாறும் நேரம் அது. இருட்டியதும் விளக்கு போடுவார்கள். சூரியன் மறைந்து வானம் இன்னும் நீலமாக இருக்கிற அந்த இருபது நிமிடம்தான் மிக நல்ல படம் கிடைக்கும் நேரம். அப்போது பொம்மையின் முகம் இருட்டாக இருக்கும். இன்னொருவர் கைபேசியில் வெள்ளைத் திரையை ஏற்றி அரை மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும், பிளாஷ் வேண்டாம்.

சன்னதி நண்பகல் 12.30 வாக்கில் மூடி மாலை 4 மணிக்குத் திறக்கும். இடைப்பட்ட நேரத்தில் கல்தளத்தில் கால் வைக்க முடியாது. மார்ச் முதல் ஜூன் வரை 11 மணிக்கே சுடும். குழந்தைகளுக்குப் பருத்திக் காலுறை கொண்டு வாருங்கள்.

பிரதோஷ நாளில் மாலை 4.30 முதல் நந்தியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். ஐப்பசி சதயத்தில் ராஜராஜனின் சதய விழா. இந்த நாள்களில் விழாவைப் பார்க்க வாருங்கள், பொம்மைப் படம் எடுக்க வேறு நாள் பாருங்கள்.

விமானமும் பொம்மையும் ஒரே படத்தில் முழுதாக வர என்ன கணக்கு?

15 சென்டிமீட்டர் பொம்மையை 400 மடங்கு ஆக்கினால் 60 மீட்டர், விமானத்தின் உயரம். ஆகவே தூரத்திலும் அதே 400 மடங்கைப் பயன்படுத்தினால் இரண்டும் சம உயரமாகத் தெரியும். விமானத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால் பொம்மை கேமராவிலிருந்து 25 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். 50 சென்டிமீட்டரில் வைத்தால் பொம்மை விமானத்தில் பாதி உயரமாகத் தெரியும். அளவுக்கு அதுதான் அழகு.

100 மீட்டர் கிடைக்குமா என்றால் கிடைக்கும். முற்றம் கிழக்கு மேற்காக 240 மீட்டர், தெற்கு வடக்காக 120 மீட்டர். நடு அச்சில் நின்றால் நந்தி மண்டபம் மறைக்கும். அதனால் ராஜராஜன் திருவாயிலைத் தாண்டி உள்ளே வந்ததும் இடப்பக்கமோ வலப்பக்கமோ மூலைக்கு ஒதுங்குங்கள்.

இதில் எல்லாரும் தடுமாறும் இடம் குவியம் (போகஸ்). கைபேசியின் முதன்மை கேமரா 25 சென்டிமீட்டரில் பொம்மையைத் தெளிவாக்கும்போது விமானம் கலங்கிவிடும். மூன்று வழிகள் உண்டு. பொம்மையை 60 முதல் 80 சென்டிமீட்டருக்குத் தள்ளுங்கள், அதற்கேற்ப நீங்களும் கொஞ்சம் பின்வாங்குங்கள். அல்லது 0.5 மடங்கு அகலக் கேமராவுக்கு மாறுங்கள், அதில் அரை மீட்டரிலிருந்து முடிவிலி வரை ஏறத்தாழ எல்லாம் தெளிவாக வரும். ஆனால் விமானம் சிறியதாகத் தெரியும், அதனால் 60 மீட்டர் தூரம் வரை நெருங்கிப் போக வேண்டும். அல்லது பொம்மைமேல் தொட்டு ஒரு படம், விமானத்தின்மேல் தொட்டு ஒரு படம் எடுத்து, எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கிப் பிடிப்பது எல்லா வழிக்கும் பொது. நின்றபடி எடுத்தால் பொம்மையின் உச்சந்தலைதான் வரும்.

விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே? பொம்மையை வைத்துச் சோதிக்க முடியுமா?

நிழல் விழும். காலையிலும் மாலையிலும் முற்றத்தில் நடந்து பாருங்கள், உங்கள் காலடியிலேயே கிடக்கும். டிசம்பரில் நண்பகலில்கூட வடக்குப் பக்கம் அடித்தளத்தைத் தாண்டி நீளும், ஏனென்றால் அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் தஞ்சாவூரில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்தச் சில நாள்களில் விமானம் அடியைவிட மேலே குறுகியிருப்பதால் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கதை அங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.

குழந்தைகளுக்கு இது நல்ல விளையாட்டு. காலை 8 மணிக்குப் பொம்மையைப் புல்லில் நிறுத்தி அதன் நிழலை அளக்கச் சொல்லுங்கள். 15 சென்டிமீட்டர் பொம்மைக்கு எவ்வளவு நிழலோ, அதன் 400 மடங்கு விமானத்தின் நிழல். மீட்டர் கணக்கில் எவ்வளவு தூரம் போகும் என்று அவர்களே சொல்வார்கள்.

அடித்தளம் தலையாட்டி பொம்மையின் தத்துவத்தில் கட்டப்பட்டது என்று காணொளிகளில் சொல்வதற்கு ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை. பொம்மையின் கதையை மராத்தியர் காலத்தோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். கோயில் 1010இல் முடிந்தது.

கட்டடம் தவிரக் குழந்தைக்கு உள்ளே என்ன காட்டலாம்?

கல்வெட்டு. இதைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாக எழுத்து ஓடுகிறது. கோயிலுக்குக் கொடை தந்தவர்களைச் சொல்லும்போது ராஜராஜன், "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்கிறான். தன் பெயருக்கு அடுத்து அக்கா குந்தவை, அடுத்து மனைவியர், அடுத்து மற்ற எல்லாரும். அரசன் கொடுத்ததையும் பெயர் தெரியாத ஒருவர் கொடுத்ததையும் ஒரே உளி எழுதியிருக்கிறது. இன்னொரு கல்வெட்டு, பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளை (கோயில் நடனப் பெண்களை), ஒவ்வொருவருடைய பெயரும் சொந்த ஊரும் சொல்லிப் பட்டியலிடுகிறது. ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நடனக்காரர்களின் வருகைப்பதிவேடு என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். பொம்மையை ஒரு கை தள்ளிப் பிடித்து, பின்னால் எழுத்து தெரிய ஒரு படம் எடுங்கள். 'க', 'ட', 'ப' மூன்றையும் தேடச் சொல்லுங்கள், சீக்கிரம் அடையாளம் கண்டுபிடிப்பார்கள்.

நடனம் என்றால் இன்னொன்று. விமானத்தின் மேல்தளத்தில் கரணங்கள் எனப்படும் 108 நடன நிலைகளில் 81ஐச் செதுக்கியிருக்கிறார்கள், மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. உள்சுற்றில் 1931இல் வெளிச்சத்துக்கு வந்த சோழர் ஓவியங்களுக்கும் அப்படித்தான். வளாகத்தில் உள்ள காட்சிக்கூடத்தில் படங்களாகப் பார்க்கலாம்.

நந்தி ஒரே கல், உயரம் 12 அடி, நீளம் 19 அடிக்கு மேல். வடபுறம் நின்று விமானத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்கார முகம் போன்ற உருவம் தெரியும். முதலில் கண்டுபிடிப்பவர் யார் என்று போட்டி வைக்கலாம்.

சோழர் அரண்மனை எங்கே இருக்கிறது?

நின்றுகொண்டிருப்பது எதுவும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் தீக்கிரையாக்கினான், கல்வெட்டுகளில் வரும் அவனுடைய புகழுரையான மெய்க்கீர்த்தியே அதைப் பெருமையாகச் சொல்கிறது. இன்று அரண்மனை என்று எல்லாரும் காட்டுவது நாயக்கர் கட்டி மராத்தியர் விரிவாக்கியது. சோழர் மாளிகையின் செங்கல் அடித்தளத்தையாவது பார்க்க வேண்டுமென்றால் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே மாளிகைமேட்டுக்குப் போக வேண்டும்.

அரண்மனையில் பொம்மைக்கு என்ன இருக்கிறது?

கோயிலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான், ஆட்டோவும் உண்டு. கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், இங்கேதான், 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். தலையில் பாம்புகளைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, இல்லாத காளையின்மேல் கையைச் சாய்த்தபடி நிற்பார். காளை இருந்த இடம் காலி. அதைப் பார்க்காமல் தஞ்சாவூரைவிட்டுப் போவது பெரிய இழப்பு. பொம்மையை அந்தக் கைக்குக் கீழே வைத்ததுபோல் கோணம் பார்த்து எடுக்க ஆசை வரும். தள்ளி நின்று, தொடாமல், பிளாஷ் இல்லாமல், கேமராச் சீட்டு வாங்கிக்கொண்டு எடுங்கள்.

மராத்தியர் தர்பார் மண்டபத்தின் வண்ணத் தூண்கள் பொம்மைப் படத்துக்கு மிக நல்ல பின்னணி. பளிங்கில் நிற்கும் இரண்டாம் சரபோஜி, இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கியவர். அதே சிற்பி வடித்த இன்னொரு பளிங்குக் காட்சி, மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியார் ஷ்வார்ட்சை மாணவர் சரபோஜி பார்க்க வருவது. சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டிய 1779ஆம் ஆண்டுத் தேவாலயத்தில் அது இருக்கிறது.

சரசுவதி மகால் நூலகக் காட்சிக்கூடத்தில் படம் எடுக்கக் கூடாது. பொம்மை பைக்குள் போகட்டும். புதன்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் மதியம் கொஞ்ச நேரம் மூடுவார்கள்.

ஒரே நாளில் எந்த வரிசையில் பார்ப்பது?

காலை 6 மணி முதல் 9 வரை பெரிய கோயில். சிற்றுண்டி. 10 முதல் 12.30 வரை அரண்மனை. சாப்பிட்டு ஓய்வு. 3.30க்குத் தேவாலயமும் பொம்மைக் கடைகளும். 5 மணிக்குத் திரும்பவும் கோயில், விளக்கு போடும்வரை. இதற்குமேல் எதையும் திணிக்க வேண்டாம்.

திருச்சியிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் புதிய பேருந்து நிலையத்தில் இறங்குவார்கள். அது ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து நகரப் பேருந்தில் பழைய பேருந்து நிலையம் வர வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து கோயில் சுமார் இரண்டு கிலோமீட்டர்.

இரண்டாம் நாள் இருந்தால்?

தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும். கும்பகோணம் சாலையில் 35 கிலோமீட்டரில் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டியது. பெரிய கோயிலில் பொம்மை கடுகாகத் தெரியும், இங்கே பொம்மை அளவுக்கே சிற்பம் இருக்கும். நாயன்மார் வரலாறுகளைச் சின்னச் சின்னக் கட்டங்களில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் உண்டு. ஒரு பக்கத்தை உள்ளங்கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. கையைக் கல்லில் படாமல் கேமராவுக்கு முன்னால் வைத்து மறையுங்கள். பொம்மையையே வைத்தும் மறைக்கலாம். இரண்டு படமாக எடுத்தால் ஊர் திரும்பியதும் எல்லாரும் கேட்டுப் பார்ப்பார்கள். தட்டினால் இசைக்கும் பலிபீடப் படிகளுக்குக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சையிலிருந்து முதலாம் ராஜேந்திரன் மாற்றிக்கொண்ட தலைநகர். கும்பகோணத்திலிருந்து இன்னும் 35 கிலோமீட்டர். விமானம் தஞ்சையைவிடக் குட்டை, ஆனால் உள்வளைந்து ஏறும். வடக்குப் படி அருகே சிவன் சண்டேசருக்குப் பூமாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது, அங்கே அவசரப்படாமல் நில்லுங்கள். கூட்டம் குறைவு, புல்தரை பெரிது. குழந்தை ஓடியாடப் பெரிய கோயிலைவிட வசதி.

குங்குமமும் எண்ணெயும் பட்டுவிட்டது. எப்படி எடுப்பது?

ஈரக் கைக்குட்டையால் தேய்க்காதீர்கள். இங்கேதான் பெரும்பாலான பொம்மைகள் பாழாகின்றன. உலர்ந்த குங்குமம் துணியின்மேல் தூளாக உட்கார்ந்திருக்கும், தண்ணீர் பட்டதும் நூலுக்குள் இறங்கிவிடும். முதலில் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள், பிறகு பழைய பல்துலக்கியால் ஒரே திசையில் உதறுங்கள். விபூதிக்கு இவ்வளவே போதும்.

மஞ்சள் கறைக்குச் சோப்பு போட்டால் அது சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், மஞ்சள் காரத்தில் சிவப்பாவது இயல்பு, சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் அதே முறைதான். நன்றாக அலசிவிட்டு இரண்டு மூன்று நாள் நேர் வெயிலில் காயவைத்தால் மஞ்சள் வெளிறிவிடும். துணியின் நிறமும் கொஞ்சம் வெளிறும் என்பதால் கறை பட்ட இடம் மட்டும் வெயிலில் படும்படி மீதியைத் துண்டால் மூடுங்கள்.

விளக்கு எண்ணெய்க்கும் அல்வா நெய்க்கும் முகப்பவுடர். கறைமேல் தாராளமாகத் தூவி அரைமணி நேரம் விட்டு உதறுங்கள். இரண்டு முறை செய்த பிறகு சோப்பு.

கழுத்துக்கு மாலை போட விரும்பினால் கடைத்தெருவில் ஒரு சாண் தஞ்சாவூர் கதம்பம் வாங்கலாம். நிறமும் வாசனையும் அப்படி ஒன்றுக்கொன்று இசைந்த சரம் வேறு ஊரில் கிடைப்பது அரிது. ஈரத்தை உதறிவிட்டுப் போடுங்கள், படம் எடுத்ததும் கழற்றிவிடுங்கள். ஈர நாரின் சாறு கழுத்தில் பச்சைக் கோடாக இறங்கும்.

பொம்மை தொலைந்துபோனால்?

பெரும்பாலும் தொலைவது மூன்று இடங்களில்: செருப்பு விடும் இடம், ஆட்டோவின் பின்சீட்டு, சாப்பாட்டு மேசை. அந்த மூன்றிலும் எழும்போது "பொம்மை எங்கே?" என்று கேட்பதைப் பழக்கமாக்குங்கள். பொம்மையின் அடியில் ஒரு துணித் துண்டில் பெரியவர் ஒருவரின் கைபேசி எண்ணை மட்டும் தைத்து வையுங்கள். குழந்தையின் பெயரோ பள்ளியோ வேண்டாம். அது இல்லாமல் தூக்கமே வராத குழந்தை என்றால், அதே பொம்மையில் இன்னொன்றை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அசலை வெளியூருக்குக் கூட்டிவராமல் இருப்பது இன்னும் பத்திரம்.

மூடிய காரில் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைக்காதீர்கள். பசை இளகிக் கண்ணும் மூக்கும் கழன்றுவிடும்.

தலையாட்டி பொம்மையை அஞ்சலில் அனுப்புவது எப்படி?

நடனப் பொம்மை என்றால் முதலில் தலையைத் தூக்கி எடுங்கள், பிறகு உடல், பிறகு பாவாடை. இழுக்காமல் நேர் மேலே தூக்க வேண்டும். பிரிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து அச்சிட்டு உள்ளே போடுங்கள், பெறுகிறவர் எதன்மேல் எது என்று தெரியாமல் திண்டாடுவார். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மெல்லிய காகிதத்தில் சுற்றுங்கள். செய்தித்தாள் நேராகப் பட்டால் மை ஒட்டும். கம்பி முனையில் ஒரு சின்னத் தெர்மாகோல் துண்டைக் குத்திவிடுங்கள், இல்லையென்றால் வழியில் அது பாவாடையைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்துக் கசக்கிய காகிதத்தால் இடைவெளியை நிரப்பி, குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் காகிதம் வேண்டும். அந்தப் பெட்டியை, நாலாபுறமும் மூன்று விரல் இடைவெளி இருக்கும் இன்னொரு பெட்டிக்குள் வையுங்கள். அடிப்பாகமான மண் துண்டு கீழே, தலை மேலே.  மழைக்காலத்தில் உள்பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டுங்கள். வந்து சேர்ந்தவுடன் ஒரு நாள் நிழலில் காற்றாட வைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள், ஈரம் ஏறிய காகிதத் தலையை உடனே கம்பியில் அழுத்தினால் துளை பெரிதாகி ஆட்டம் போய்விடும்.